அசல் நோட்டின் அளவு

என் மேல் போட்ட வழக்கின் தாள்களில் ஒரே ஒரு வரிதான் முழு உண்மை. "அசல் நோட்டின் நீள அகலத்துக்கு இம்மியும் பிசகாமல் வெட்டப்பட்டுள்ளது" என்ற வரி. அச்சகத்தில் கட்டிங் மெஷின் முன்னால் நின்றே என் இளமை போனது. இத்தனை வருஷத்தில் எந்த முதலாளியும் எனக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ் கொடுத்ததில்லை. கடைசியில் ஒரு போலீஸ்காரர் கொடுத்தார், அதுவும் குற்றம் என்று எழுதி.

எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களே வயிறு எரிந்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பஸ் நிலையத்தின் வாசலில் ஒரு கடை. ஆள் உட்கார்ந்தால் கால் நீட்ட இடம் இருக்காது, அவ்வளவுதான் கடை. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சோப்பு, சீப்பு, போன் சார்ஜர் என்று, ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வருகிற எல்லாமும் அங்கே கிடைக்கும். அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, எத்தனையோ டாக்டர்கள் பார்த்தும் பலனில்லாமல், இரண்டு கண்ணும் போய்விட்டன. சரக்கு எடுப்பதில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் வரவில்லை. எந்தச் சோப்பு எந்தத் தட்டில் என்று கை தானாகவே போகும். காசு வாங்கிப் போடுவதில்தான் இடித்தது. நூறு என்று சொல்லி ஐம்பதைக் கொடுத்தால் அவருக்கு எப்படித் தெரியும்? கொடுத்தார்கள். நல்ல சட்டை போட்டவர்களே கொடுத்தார்கள்.

அதனால் கொழுந்தன் வந்து கல்லாவில் உட்கார்ந்தான். "அண்ணா, நீ பேசாம ஓரமா இரு, நான் பாத்துக்கறேன்" என்றான். கொழுந்தன் கெட்டவன் இல்லை. கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து அவன் கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். வாடிக்கைக்காரர்கள் என் வீட்டுக்காரரைத் தாண்டி அவனிடம் பேசத் தொடங்கினார்கள். ஒரு அம்மாள் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி, "பாவம், அவருக்குக் குடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருடைய கடையில், அவர் வாங்கிப் போட்ட பிஸ்கட்டை, அவருக்கே தானம் பண்ணிவிட்டுப் போனாள் புண்ணியவதி. அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. முகம் தெரியாத அந்த அம்மாளை நான் திட்டாத திட்டு இல்லை.

பார்வையற்றோர் சங்கத்தில் ஒரு வழி சொன்னார்கள். எங்கள் நோட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு அரிசி மணி நீளம்தான் வித்தியாசம். நோட்டை விரலோடு சேர்த்துப் பிடித்து, அதன் விளிம்பு விரலில் எங்கே முடிகிறது என்று பழகிவிட்டால், எது எந்த நோட்டு என்று தெரிந்துவிடும். பழகுவதற்கு எல்லா நோட்டும் கையில் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில் வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்நூறு ஒரு ராத்திரி தங்கினாலே அதிசயம். சங்கத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக் செட் இருந்தது. ஆளாளுக்கு முறை வைத்து எடுத்துப்போய், ஓரமெல்லாம் தேய்ந்து, எல்லாம் ஒரே நீளமாகிவிட்டிருந்தது.

அச்சகத்தில் கழித்துப்போடும் அட்டையில் நான் ஒரு செட் வெட்டிக்கொண்டு வந்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது அட்டைம்மா. நோட்டு இப்படி விறைச்சுக்கிட்டா நிக்கும்? மடங்கணும், கசங்கணும், வேர்வையில நனையணும்."

"ராஜாவுக்கு வேற என்ன வேணும்?"

"நோட்டு மாதிரி தாள் வேணும்."

பத்திரம் அடிக்க வாங்கிய தாளில் மிச்சம் இருந்தது. மெல்லிசு, ஆனால் கிழியாது. அதில் வெட்டினேன். ஒவ்வொன்றையும் அசல் நோட்டின் மேல் வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் கீழே வைத்தேன். பிசகினால் ஏமாறப்போவது என் வீட்டுக்காரர். மெஷினில் கையை வைக்கும்போது அந்த ஒரு நினைப்புதான் எனக்கு.

சாப்பிட்டதும் உட்கார்ந்து பழகுவோம். நான் கலைத்துப் போடுவேன், அவர் சொல்லுவார். முதலில் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார். "என் விரல் தடிச்சுப்போச்சு, எனக்கு வராது" என்று மொத்தத்தையும் தூக்கி எறிந்தார். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டே இன்னும் நன்றாக எறியச் சொன்னேன், கசங்கினால் நல்லதுதான் என்றேன். போகப் போகக் கை பழகியது. ஒருநாள், "ஐம்பது. நூறு. இருநூறு. ஏய், ஏமாத்தறியா? இதுவும் இருநூறுதான்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

விஷயம் தெரிந்து சங்கத்தில் மற்றவர்களும் கேட்டார்கள். மங்கலாகக் கண் தெரிகிறவர்கள் சிலர், "எங்களுக்கு நிறம் தெரியும்மா, நம்பர்தான் தெரியாது, நிறம் போட்டுக் குடுங்க" என்றார்கள். ஒரு பக்கம் மட்டும் அந்தந்த நோட்டின் நிறத்தை அடித்து, எண்ணைப் பெரிதாகப் போட்டு, குறுக்கே தடித்த எழுத்தில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. என் வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு செட் கொடுத்தேன். மை கொடுத்தது எங்கள் முதலாளி. சங்கத்தில் போட்டோ எடுத்தபோது நடுவில் போய் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்ததும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். கொழுந்தன் அவன் வேலைக்குத் திரும்பிப் போனான், கழுத்தும் பழைய அளவுக்கு வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. கூட்டம் இல்லாத நேரத்தில் பழகிக்கொள்ள இவர் அந்தத் தாள்களையும் கல்லாவில் ஒரு பக்கமாக வைத்திருந்தார். ஒருநாள் பஸ் கிளம்பும் அவசரத்தில் கடையை மொய்த்தார்கள். காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் சார்ஜர் வாங்கி ஐந்நூறைக் கொடுத்தார். அந்த நெரிசலில் இவர் மீதிச் சில்லறையில் அசல் நூறுக்குப் பதில் பழகும் நூறு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அதே நீளம், அதே மாதிரித் தாள், கசங்கலும் அதே கசங்கல். அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தேன் நான். போன்காரர் பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டிக்கெட் கவுண்டரில் நீட்டியபோதுதான் அங்கே இருந்தவர் சிரித்திருக்கிறார்.

போன்காரர் போலீசோடு கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், அசல் நூறைக் கொடுத்தார், மேலே ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார். மனிதர் நூறை வாங்கிக்கொண்டார், தண்ணீரையும் குடித்தார், குடித்துவிட்டுப் புகாரும் எழுதிக் கொடுத்தார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கண் இருக்கிற மனுஷர்! முன்னால் கொட்டை எழுத்து, பின்னால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். பார்க்காமல் வாங்கியவர் புகார்தாரர் ஆனார், பார்க்க முடியாமல் கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றப் பார்த்தார்கள். நான் குறுக்கே விழுந்து, "வெட்டினது நான், அடிச்சது நான், அவரை விடுங்க" என்றேன். சரி என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் முரடர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மேஜையில் என் தாள்கள் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன. கூடவே என் இரும்பு ஸ்கேலும்.

"ஏம்மா, பிரஸ்ல வேலை பாக்கறீங்க, சட்டம் தெரியாதா? நோட்டைப் படம் போடணும்னா முக்கால் அளவுக்குக் கீழ போடணும். இல்லேன்னா ஒன்றரை மடங்குக்கு மேல போடணும்."

"ஒன்றரை மடங்குல போட்டா அவரு எதை வெச்சு அளக்கப் பழகுவாரு? கடைக்கு வர்ற நோட்டு அசல் அளவுலதானே சார் வருது?"

"அது எனக்குத் தெரியாது. பெரிசா வெட்டியிருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. சின்னதா வெட்டியிருந்தாலும் இல்ல."

"தப்பா வெட்டியிருந்தா குத்தம் இல்ல, சரியா வெட்டினதுதான் குத்தம், அப்படியா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்" என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு. "யாரும் ஏமாந்துடக் கூடாதுன்னுதாம்மா சட்டம்."

"யாரு ஏமாந்துடக் கூடாது?"

அவர் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். "பொதுமக்கள். அதுலயும் வயசானவங்க, கண்ணு தெரியாதவங்க இவங்களையெல்லாம் பாதுகாக்கத்தான்னு போட்டிருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வீட்டுக்காரரை நாலு பேர் நாலு விதமாக ஏமாற்றியபோது பாதுகாக்க ஒரு ஆள் வரவில்லை. நான் பாதுகாத்தால் அவரைக் காரணம் காட்டியே என்னைப் பிடிக்க வருகிறார்கள். சங்கத்தில் இருந்த செட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எடுத்ததற்குச் சீட்டு கொடுத்தார்கள். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சங்கத்துக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "எடுங்க, ஆனா கலர்ல எடுக்காதீங்கம்மா, அரசாங்க முத்திரை இருக்கு" என்றார் ஏட்டு. அவர் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கொடுமை.

முதலாளி அன்றே கை கழுவிவிட்டார். "உன் சொந்த நேரத்துல நீ என்னமோ பண்ணியிருக்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். போட்டோவில் நடுவில் நின்றது யார் என்று கேட்டேன். வழக்கு முடிகிறவரை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

இலவசமாக வாதாட ஒரு வக்கீல் பெண்ணைக் கொடுத்தார்கள். சின்ன வயசு, நல்ல மனசு. என்னை அக்கா அக்கா என்றாள்.

"அக்கா, ரொம்பச் சுலபம். குத்துமதிப்பா வெட்டினேன், அளவு தற்செயலா ஒத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க. எச்சரிக்கை பண்ணி அனுப்பிடுவாங்க. வேலைக்கும் திரும்பிப் போயிடலாம்."

"அளந்து வெட்டினேன்னு சொன்னா?"

"தெரிஞ்சே செஞ்சதா ஆயிடும். அபராதம் போடுவாங்க. ஜட்ஜம்மா மூடு சரியில்லேன்னா உள்ளயும் வைக்கலாம். எதுக்குக்கா வம்பு?"

பொய் சொல்ல மாட்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்துவிடவில்லை. ஜெயிலுக்குப் போக யாருக்கு ஆசை? குத்துமதிப்பு என்ற ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் சொன்னேன். அவர், "சொல்லிடு, நீ வெளிய இருக்கணும்" என்றார். கொழுந்தனும் வந்திருந்தான். "ஒரு வார்த்தைதானே அண்ணி. அண்ணனுக்குக் கஷ்டமா இருந்தா நான் வேணா மறுபடி கல்லாவைப் பாத்துக்கறேன்" என்றான். அவன் கழுத்து நீளத் தயாராவது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேலை இல்லையே, நான்தான் வீட்டோடு இருக்கிறேனே. ஒருவர் சோப்பு வாங்கி நோட்டை நீட்டினார். என் வீட்டுக்காரர் விரலில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "இது நூறுதானே சார்?" என்று கேட்டார். கல்லாவில் திரும்ப உட்கார்ந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. நூறுதான் என்றார் அந்த மனிதர். நூறுதான் அது. விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, இவர்தான் அதை நம்பவில்லை.

அந்த ஆள் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீ குத்துமதிப்பா வெட்டலையே?"

"என்ன கேள்வி இது? ஸ்கேல் வெச்சு வெட்டினேன்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அன்றைக்கே சங்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மருத்துவமனை கேன்டீனில் டோக்கன் கொடுக்கிறவள், பிறவியிலேயே பார்வை இல்லை. "அம்மா, அளவு ஏதோ தற்செயலா ஒத்துப்போச்சுன்னு கோர்ட்டுல சொல்லப் போறீங்களாம். அப்ப நாங்க பழகினது சரிதானா? நேத்து ஒருத்தர் குடுத்த நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன், சந்தேகமா இருந்துச்சு, திட்டிட்டுப் போனாரு" என்றாள்.

நான் இன்னும் கோர்ட்டுக்கே போகவில்லை. சொல்லப்போகிறேன் என்ற பேச்சுக்கே இத்தனை விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. தாள்களை அள்ளிக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டேன். பழகியது கையில் இருக்கிறது என்று நினைத்தேன். அதையும் நானே என் வாயால் பிடுங்கிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைப்பலகையைக் குத்தினேன். தண்ணீர் பாட்டில்கள் உருண்டு ஓடின. அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவைத்தார்.

கோர்ட்டில் எங்கள் முறை வரவே மத்தியானம் ஆகிவிட்டது. நீதிபதி ஒரு அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்துக்கொண்டு தாள்களைப் படித்தார். என் பயிற்சி நூறை உறையோடு தூக்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதை நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமாங்கம்மா."

"அளவு அசல் நோட்டோட ஒத்துப்போயிருக்கு. அது எப்படி?"

வக்கீல் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லுங்கள் அக்கா என்று. சுவரோரம் பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் கேன்டீன் பெண்ணும் சங்கத்து ஆட்களும். ஒருவர் முகமும் என் பக்கம் இல்லை. எல்லோரும் காதைத்தான் என் பக்கம் வைத்திருந்தார்கள்.

"அளந்து வெட்டினேங்கம்மா" என்றேன். "அசல் நோட்டை மேல வெச்சு, ஸ்கேல் பிடிச்சு, ஒவ்வொண்ணா அளந்து வெட்டினேன். ஒண்ணுகூடப் பிசகல. வேணும்னா எல்லாத்தையும் இங்கயே அளந்து பாருங்க."

வக்கீல் பெண் வழக்குக் கட்டை மூடிவிட்டாள். பெஞ்சில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நீதிபதி உறையைக் கீழே வைத்தார். "உங்க நோக்கம் புரியுதும்மா. ஆனா சட்டத்துல இதுக்கு விலக்கு இல்ல, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அபராதம் போட்டார். தாள்களையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்றார். சங்கம் வேண்டுமானால் விலக்குக் கேட்டு அரசாங்கத்துக்கு மனு கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

"மனுவுக்குப் பதில் வர்ற வரைக்கும் இவங்க என்னம்மா பண்ணணும்? கையில எதை வெச்சாலும் கும்பிட்டு வாங்கிக்கணுமா?"

"அபராதத்தைக் கட்டிட்டுப் போங்க" என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

பணம் கட்டும் கவுண்டர் கீழ்த்தளத்தில் இருந்தது. நீள வரிசை. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்ததும் நான் கைப்பையைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டிவிட்டார். சட்டைப்பையிலிருந்து கடைப்பணத்தை எடுத்து, ஒரு நோட்டை விரல்களுக்கு நடுவில் பிடித்தார். கட்டைவிரல் விளிம்பைத் தேடிப் போய் நின்றது. "ஐந்நூறு" என்று சொல்லி ஜன்னலுக்குள் வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு தரம்தான் அளந்தார், இரண்டாம் தரம் அளக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. "இருநூறு" என்றார்.

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. "எவ்வளவு நேரம்யா?" என்றார் ஒருவர். எழுத்தர் என்னைப் பார்த்து, "நீங்க எண்ணிக் குடுங்கம்மா, கூட்டம் நிக்குதில்ல" என்றார்.

"அவரே எண்ணுவாரு. எல்லாரும் நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வரிசை அடங்கியது.

கடைசி நோட்டையும் வைத்துவிட்டு அவர் கையை எடுத்தார். எழுத்தர் பணத்தை இழுத்தபடியே சீட்டில் என்ன வழக்கு என்று படித்தார். படித்ததும் முகம் மாறியது. நோட்டுகளைக் கீழே வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்பக்கம், பின்பக்கம் என்று உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"நல்லாப் பாருங்க சார்" என்றேன். "கண்ணு இருக்கிறவர் ஒருத்தராவது பாத்து வாங்கறீங்களே."